செல்வி கேட்ட அவகாசம்

தன்னுடைய வழியனுப்பு விருந்துக்குத் தானே உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிய ஒருத்தியை நான் பார்த்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே நறுக்கினாள்.

போர்ட் பிளேர் ஷாதிபூரில் எங்கள் விடுதியின் சமையலறை. கப்பலில் ஆப்பிள் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தரையில் விரித்து, அதன்மேல் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள் செல்வி. பக்கத்தில் ஒரு பேசின் நிறைய உரித்த வெங்காயம். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. அடுப்பில் பட்டையும் கிராம்பும் எண்ணெயில் பொரிகிற வாசனை, அதற்குள்ளே காயாத துணிகளின் வாடை. மழைக்காலத்தில் போர்ட் பிளேரில் எந்த வீட்டுக்குள் போனாலும் இந்த வாடை உண்டு.

நான் அன்று காலைதான் தெற்குக் கோடித் தீவிலுள்ள கேம்பல் பேயிலிருந்து வந்து இறங்கியிருந்தேன். சபைத் தலைவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்த அங்கே போய், கடல் சரியில்லை என்று கப்பல் தள்ளித் தள்ளிப் போனதைப் போன வாரம் எழுதியிருந்தேன். கப்பலை விட்டு நாம் இறங்கினாலும் கப்பல் நம் தலையை விட்டு இறங்க ஒரு நாள் ஆகும். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

கரை தெரிய ஆரம்பித்தபோதே போனுக்கு சிக்னல் வந்திருந்தது. முதல் அழைப்பு விடுதிக் கமிட்டியின் தலைவர் பவுலுஸ்ஜியுடையது. "தீதி, ஆஜ் செல்வி கா விதாயி ஹை. ஆப் ஸரூர் ஆயியேகா" என்றார். செல்விக்கு இன்று வழியனுப்பு, அவசியம் வந்துவிடுங்கள் என்கிறார். என்ன ஏது என்று கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வருடமாக என் வகுப்பில் முன்வரிசையில் உட்காருகிறவள். அடுத்த பொறுப்பாளர் இவள்தான் என்று நான் கமிட்டியிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேலையை விடுகிறாள் என்றால் எப்படி இருக்கும்?

முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "மனசுக்குக் கஷ்டமா இல்லையா செல்வி?" என்று கேட்டேன்.

"கண்ணுதான்க்கா எரியுது. மத்தபடி என்னா கஷ்டம், பழகுன வேலைதானே" என்றாள்.

சரி, பேச விருப்பமில்லை போலிருக்கிறது என்று நினைத்து நானும் ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு டஜன் கட்டில்

விடுதி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நிக்கோபார் பக்கத்துத் தீவுகளிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்க ஓர் இடம். சின்னச் சின்ன சபைகள் நாலைந்து சேர்ந்து நடத்துகின்றன. ஒரு டஜன் கட்டில், கூடத்தில் பாய்கள், ஒரு சமையலறை, அதன் பின்னால் செல்வியும் அவள் மகளும் இருக்கிற ஓர் அறை. வருகிறவர் என்ன மதம் என்று கேட்பதில்லை. காலையில் ஒரு ஜெபம் உண்டு. வருகிறவர் வரலாம், தூங்குகிறவர் தூங்கலாம்.

செல்வி கச்சால் தீவில் பிறந்தவள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். வீட்டில் பாதிப் பேர் முருகன், பாதிப் பேர் ஏசு. சண்டை கிடையாது. அம்மாவின் வைத்தியத்துக்காகக் கைக்குழந்தையோடு இந்த விடுதிக்கு வந்தாள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், இவள் இங்கேயே தங்கிவிட்டாள். முதலில் சமையலுக்கு ஒத்தாசை, பிறகு சமையல், பிறகு வார்டன்.

என் கதை உங்களுக்குத் தெரியும். நாகர்கோவில் பக்கத்திலிருந்து கணவரின் அரசு வேலையோடு வந்தவள். சபைகளுக்கும் சபைகள் நடத்துகிற இல்லங்களுக்கும் பொறுப்பாளர்களைத் தயார்செய்வது எப்படியோ என் வேலையாகிவிட்டது. பேனரில் 'தலைமைத்துவப் பயிற்சி' என்று போடுவார்கள். மெயின்லேண்டிலிருந்து வருகிற பயிற்சியாளர்கள் லேப்டாப்பைத் திறந்ததும் கழுகுப் படம் காட்டுவார்கள். கழுகைப்போல உயரப் பறக்க வேண்டுமாம். கழுகுக்குக் கமிட்டி கிடையாது என்பதை யாரும் சொல்வதில்லை.

நான் சொல்லிக்கொடுப்பதெல்லாம் சில்லறை விஷயங்கள். கூட்டத்தை நேரத்துக்கு முடிப்பது எப்படி. குறை சொல்ல வருகிறவரை முதலில் உட்காரவைப்பது எப்படி. ஜெபம் என்ற பேரில் எதிராளியைக் குத்தாமல் இருப்பது எப்படி. இந்தக் கடைசிப் பாடத்துக்குத்தான் நேரம் போதாது. "ஆண்டவரே, இங்கே உட்கார்ந்திருக்கிற சிலருக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்று கண்ணை மூடிக்கொண்டு திட்டுவது எங்கள் சபைகளில் ஒரு தனிக் கலை.

கேம்பல் பேயில் வேறு மாதிரி. அங்கே குடியேறிய பழைய ராணுவக்காரர்களின் பிள்ளைகள் வகுப்புக்கு வருவார்கள். எது கேட்டாலும் விறைப்பாக எழுந்து நின்று, "எஸ் மேடம்" என்பார்கள். புரிந்ததா என்றாலும் எஸ் மேடம், புரியவில்லையா என்றாலும் எஸ் மேடம். அவர்களை உட்கார்ந்தபடி பேசவைக்கவே எனக்கு ஒரு நாள் ஆனது.

இன்னொரு பாடம் உண்டு. எங்கள் ஆட்களின் வழக்கப்படி, ஒரு பொறுப்பைக் கொடுத்தால் உடனே சரி என்று சொல்லக் கூடாது. சொன்னால் பதவி ஆசை பிடித்தவர் என்று பேர். அதனால், "நான் அதற்குப் பாத்திரன் அல்ல" என்று ஒதுங்குவார்கள். கமிட்டி கெஞ்ச வேண்டும். மறுபடி ஒதுங்குவார்கள், மறுபடி கெஞ்ச வேண்டும். கடைசியில் கர்த்தருடைய சித்தம் என்று ஏற்றுக்கொள்வார்கள். கமிட்டி பாதியில் களைத்துப்போய்க் கெஞ்சுவதை நிறுத்திவிட்டால் அது வாழ்நாள் பகை. இப்படிப் பிரிந்த ஒரு சபையே எனக்குத் தெரியும்.

இந்த நாடகம் வேண்டாம் என்பேன் வகுப்பில். ஆமாம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். யோசித்துச் சொல்லக் கொஞ்சம் அவகாசம் கேளுங்கள். வீட்டுக்குப் போய் உண்மையிலேயே யோசியுங்கள். செல்வி முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினாள்.

வாலை நறுக்கினால் இந்தி

இந்தத் தீவுகளில் வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், நாம், எல்லாரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது இந்தியில். டெல்லிக்காரர் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிற இந்தி. இதில் தமிழர்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். கொஞ்சம் கனமான தமிழ் வார்த்தை ஒன்றை எடுத்து, கடைசி 'அம்'மை நறுக்கிவிட்டால் இந்தி. சந்தோஷம் சந்தோஷ் ஆகும். உபவாசம் உபவாஸ் ஆகும். வியாபாரம் வியாபார் ஆகும். முக்கால்வாசி நேரம் வண்டி ஓடிவிடும்.

ஓடாத கால்வாசிக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். பெரார்கஞ்சில் ஒரு சபையில் தமிழ் மூப்பர் ஒருவர் இருந்தார். அவர் மனைவிக்கு விடாத காய்ச்சல். இந்தி ஆராதனையில் எழுந்து கண்கலங்கி, "மேரா சன்சார் பீமார் ஹை" என்று ஜெப விண்ணப்பம் வைத்தார். என் சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னதாக அவர் நினைப்பு. இந்தியில் அதற்கு, என் உலகம் நோயில் கிடக்கிறது என்று அர்த்தம்.

சபை உருகிப்போய்விட்டது. உலகத்துக்காக அரைமணி நேரம் ஜெபித்தார்கள். போர் நடக்கிற நாடுகள் வந்தன, பூகம்பம் வந்தது, விலைவாசி வந்தது. அந்த அம்மாவின் காய்ச்சல் மட்டும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலையாளி ஒருவர், மூப்பருக்குப் பேச்சு வராமல் போய்விட்டது என்று புரிந்துகொண்டார். அவர்கள் மொழியில் சம்சாரம் என்றால் பேச்சு.

அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் தானாக இறங்கியது. உலகம் அப்படியேதான் இருக்கிறது.

கமிட்டிக் கூட்டம்

இனி சொல்வது, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது எனக்குத் தெரியாது. பிறகு ஒவ்வொருவரும் சொல்லக் கேட்டுக் கோத்துக்கொண்டது.

நான் கேம்பல் பேயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது இங்கே கமிட்டி கூடியிருக்கிறது. விடுதியின் செயலாளர் வயதாகி, மகனோடு மெயின்லேண்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த இடத்துக்குச் செல்வியைப் போடலாம் என்று பவுலுஸ்ஜி சொன்னார். அவர் ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர், காட்டிலாகாவில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். குறைவாகப் பேசுவார், பேசினால் அது முடிவு. மற்ற இருவரும் சரி என்றார்கள். ஒருவர் தங்கச்சன், ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மலையாளி. இன்னொருவர் ரத்னம், துறைமுகத்தில் வேலைபார்க்கும் தெலுங்கர்.

செல்வியும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் கேட்டது ஞாபகம் வந்தது. எழுந்து நின்று, அழகாக வாலை நறுக்கி, "முஜே தோடா அவகாஷ் சாஹியே" என்றாள். எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும்.

பவுலுஸ்ஜிக்கு அது சுத்தமான இந்தி. அவகாஷ் என்றால் விடுப்பு, ஓய்வு. அவர் இலாகாவில் ரிட்டையர் ஆனவர்களை 'அவகாஷ் பிராப்த்' என்றுதான் எழுதுவார்கள். இத்தனை வருடம் உழைத்த பெண், களைத்துப்போய் விடைகேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். 'கொஞ்சம்' என்றது மரியாதைக்காகச் சேர்த்தது என்று நினைத்தாராம்.

தங்கச்சனுக்கு அது சுத்தமான மலையாளம். அங்கே அவகாசம் என்றால் உரிமை, பங்கு. பொறுப்பைக் கையில் கொடுப்பதற்கு முன்னாலேயே விடுதியில் பங்கு கேட்கிறாளே என்று அவருக்கு முகம் கறுத்தது. ரத்னத்துக்கு அது சுத்தமான தெலுங்கு. அங்கே அதற்கு வாய்ப்பு என்று அர்த்தம். எனக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்கிறாள், என்ன பணிவு என்று அவர் பூரித்துப்போனார்.

"டீக் ஹை" என்றார் பவுலுஸ்ஜி வருத்தத்தோடு. சரி, அப்படியே ஆகட்டும். ரத்னம் கைதட்டினார். தங்கச்சன் தரையைப் பார்த்தார். செல்வி, கேட்ட நேரம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாகப் போய்ச் சோறு வடித்தாள்.

அடுத்து வந்த நாட்களில் ரத்னம் ஒரு பெட்டி லட்டு அனுப்பினார். அவர் மகள் பரீட்சையில் பாஸ் என்று செல்வி நினைத்துக்கொண்டாள். தங்கச்சன் வழியில் பார்த்தும் பார்க்காததுபோலப் போனார். கடையில் வியாபாரம் மந்தம் என்று நினைத்துக்கொண்டாள். பவுலுஸ்ஜி ராஞ்சியில் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டு, வந்து விடுதியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவருக்குச் செல்வியின் அறையைக் கொடுப்பதாகப் பேச்சு. பள்ளிக்கூடம் போகிற பெண்ணை வைத்துக்கொண்டு செல்வி எங்கே போவாள்? கச்சாலுக்குத் திரும்புவாள் என்று அவரே முடிவுசெய்துகொண்டார்.

இதற்கிடையில் செயலாளரும் கப்பலேறிவிட்டார். விருந்து என்று சொல்லி அரிசியும் கோழியும் வந்து இறங்கியபோது, வழியனுப்பு இல்லாமலே போன அவருக்காக ஏதோ நன்றி ஜெபம் நடத்துகிறார்கள் என்று செல்வி வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மாலை

மத்தியானம் கமிட்டி வந்தது. விடுதியில் இருந்த நோயாளிகள், துணைக்கு வந்தவர்கள், எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பவுலுஸ்ஜி ஜெபித்தார். ஜெபத்தில் 'ஹமாரி பஹன் செல்வி', நம் சகோதரி செல்வி, என்று தன் பேர் வந்தபோது அவள் கண்ணை மூடியபடி சந்தோஷமாக ஆமென் சொன்னாள்.

பிறகு அவர் மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே அவளிடம் வந்தார். செல்வி வழிவிட்டு ஒதுங்கி, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் தண்ணீர் டிரம்தான் இருந்தது. மாலை அவள் கழுத்தில் விழுந்தது.

"என்னக்கா இது, எனக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

"நீதானேம்மா போறேன்னு சொன்னியாம்."

"எங்கக்கா போறேன்?"

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் நாலு மொழியிலும் ஒரே சத்தம். நீ கேட்டாய், நான் கேட்கவில்லை, நான் கேட்டேன், அது இதில்லை. கடைசியில் நான் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தி, கூட்டத்தில் என்ன வார்த்தை சொன்னாய் என்று செல்வியிடம் கேட்டேன். 'அவகாஷ்' என்று அவள் சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் மொழியில் அதற்கு நேரம் என்று அர்த்தம், யோசிக்க நேரம் கேட்டிருக்கிறாள் என்று இந்தியில் சொன்னேன்.

முதலில் ரத்னம் சிரித்தார். பிறகு தங்கச்சன், தான் நினைத்ததைச் சொல்லித் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். நோயாளிகளுக்கும் அது தொற்றிக்கொண்டது. தையல் போட்ட ஒருவர் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சிரிக்கவைக்காதீர்கள் என்று கெஞ்சினார். நானும்தான் சிரித்தேன்.

செல்வி சிரிக்கவில்லை. மாலையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அக்கா, நான் சொல்றத நீங்க இந்தில சொல்லிருங்க. நான் சொன்னா மறுபடி வேறயாப் போயிரும்" என்றாள். பிறகு பவுலுஸ்ஜியைப் பார்த்துத் தமிழில் பேசினாள்.

"நான் போறேன்னுதான் சொன்னேன்னே வச்சுக்கிருவோம். இத்தன வருசம் இருந்தவ போறாளே, ஏன் போறா, எங்க போறா, புள்ளய வச்சுக்கிட்டு என்னா செய்வான்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா? மாலை வாங்கத் தெரிஞ்சுச்சு. கேக்கத் தெரியலையே."

நான் மொழிபெயர்த்தேன். வெங்காயத்துக்கு முன்னால் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த நானும் கேட்கவில்லை என்பதால் குரல் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது. கூடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

பவுலுஸ்ஜி ஒரு நாற்காலியை இழுத்து அவள் எதிரில் போட்டு உட்கார்ந்தார். "கல்தி ஹோ கயி, பேட்டி" என்றார். தப்பு நடந்துவிட்டது மகளே. அந்த மனிதர் கமிட்டியில் யாரிடமும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு, எதற்காக நேரம் கேட்டாய் என்று விசாரித்தார்.

செல்வி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"கப்பல் வந்தா கட்டிலுக்கு மேல ஆளு வருதுங்க. யாருக்குக் கட்டில், யாருக்குப் பாய், யாரு வேற எடம் பாக்கணும்னு சொல்றது இதுவரைக்கும் செயலாளர் அய்யாதான். அவரு சொல்லிட்டுப் போயிருவாரு. நான் அவுங்ககூடச் சேந்து அழுவேன், டீ போட்டுக் குடுப்பேன். நல்லவங்கிற பேரு எனக்கு. இனிமே அந்த வாயி என் வாயா இருக்கணும். ஒருத்தர இல்லேன்னு சொல்லிட்டு நான் போயி சோறு திங்க முடியுமான்னு எனக்குத் தெரியல. அதுக்குத்தான் கேட்டேன்."

நான் ஒரு வார்த்தை விடாமல் இந்தியில் சொன்னேன். ரத்னம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பவுலுஸ்ஜி, எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள் என்றார். அங்கேயே போனை எடுத்து ராஞ்சிக்காரருக்குப் போட்டு, நீங்கள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பிரியாணியை இறக்கித் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தபோது கப்பல்துறையிலிருந்து போன் வந்தது. கார் நிக்கோபார் தீவிலிருந்து காலையில் வரவேண்டிய கப்பல் இப்போதுதான் கரை பிடித்திருக்கிறது. விடுதிக்கு வருகிறவர்கள் யார் யார், யாருக்கு என்ன உடம்பு என்று, வழக்கமாக ஆள் ஏற்றிவரும் ஆட்டோக்காரர் அங்கிருந்து சொல்லச் சொல்லச் செல்வி கேட்டுக்கொண்டாள். காலியாக இருந்த கட்டில்களைவிட வருகிறவர்கள் அதிகம்.

தங்கச்சன் தொண்டையைச் செருமினார். அந்தக் கப்பலில் அவர் சபை ஆள் ஒருவர் கண் ஆபரேஷனுக்கு வருகிறாராம். "மோளே, நம்ம ஆளு ஒருத்தன் உண்டு. கட்டில் கொடுக்கும்னு நான் வாக்கு சொல்லிப் போச்சு" என்றார்.

எல்லாரும் செல்வியைப் பார்த்தோம்.

அந்த ஆள் நடப்பாரா என்று செல்வி கேட்டாள். நடப்பார் என்றார் தங்கச்சன். கீழே உட்கார்ந்து எழுந்திருப்பாரா? எழுந்திருப்பார்.

"அப்ப அவருக்குப் பாய்தான் அங்கிள். கட்டில் மாசமா வர்ற அந்தப் பொண்ணுக்கும் காலு ஒடைஞ்சவருக்கும்."

தங்கச்சன் எழுந்து, பாய்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டு, அவரே போய் எடுத்துக் கூடத்தில் விரித்தார்.

செல்வி ஒரு தட்டில் பிரியாணி போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள். நாங்கள் யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. அவரவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் சாப்பிட்டாள்.